1,850 வெள்ளி போச்சு: ரைபிளுக்கு ஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

ரைபிளின் மேல் மாட்டிக் குறி பார்க்கிற தொலைநோக்கிதான் ஸ்கோப். அதை நான் வாங்கிய கடையிலிருந்து நேற்று மாலைதான் கடைசிப் பதில் வந்தது. "அண்ணே, அந்தக் காசு எங்க கம்பெனிக் கணக்குக்கு வரவே இல்ல. நீங்க அந்தப் பையன்கிட்டதான் கேக்கணும்." அவ்வளவுதான். 1,850 வெள்ளி. சூடு ஆறுவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் போய்த் தொலையட்டும் என்று நானே விட்டுவிடுவேன், அவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஸ்கோப் எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. பட்டணத்தில் வேட்டைச் சாமான், தூண்டில், கூடாரம், டார்ச் லைட் எல்லாம் விற்கிற கடை, முகநூலிலும் நேரலை போட்டு விற்பார்கள். இவ்வளவு போதும்.

எனக்கு மலேசியாவில், பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் பக்கம் கொஞ்சம் செம்பனை. பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்திருக்கிறேன். மறுநடவு செய்தவர்களுக்குத் தெரியும், காட்டுப் பன்றி இளங்கன்றை விடவே விடாது, அடியைக் கிளறிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும், குருத்து போனால் கன்று போச்சு. பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் வந்த 2021-க்கு அப்புறம் எங்கள் பக்கம் கொஞ்ச காலம் தொல்லை ஓய்ந்திருந்தது, இப்போது மறுபடியும் குட்டிகளோடு வருகின்றன. துப்பாக்கிக்கு லைசென்ஸ், பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அனுமதி இரண்டும் என்னிடம் முறையாக இருக்கின்றன. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கருத்துப் பகுதியில் அதைத்தான் முதலில் கேட்பீர்கள்.

ரைபிளில் இருந்த பழைய ஸ்கோப்பின் கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்துவிட்டது. நம் ஊர் ஈரத்துக்கு இது சகஜம். உள்ளே சிலந்தி வலை கட்டியது மாதிரி இருக்கும், வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது. அதனால்தான் புதுசு வாங்கப் போனேன்.

கடையில் இருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே "எந்தத் தோட்டம்ணே?" என்று கேட்டான். சொன்னேன். "எங்க தாத்தாவும் பால்மரம் வெட்டினவருதாண்ணே, லயத்துலதான் எங்க அப்பா பொறந்தாரு" என்றான். பக்கத்துக் கடையில் கோப்பி வாங்கி வந்து என் கையில் கொடுத்தான். எனக்கு வேண்டியது மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர் உள்ள சாதாரண ஸ்கோப் என்று தெளிவாகச் சொன்னேன். எதற்கு என்பதையும் சொன்னேன். செம்பனை நடுவது 9 மீட்டர் இடைவெளியில், வரிசைக்குள் 40, 50 மீட்டருக்கு மேல் பார்வை போகாது, பன்றி வருவதோ மசமசவென்று இருட்டுகிற நேரத்தில். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "அந்த மாடல் ஸ்டாக் முடிஞ்சிருச்சு" என்று உள்ளே போய் ஆறு முதல் இருபத்துநான்கு மடங்கு, முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர் என்று ஒரு பீரங்கியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"பெரிய கண்ணாடிண்ணே, இருட்டுல வெளிச்சம் அள்ளும்." இது பாதி உண்மை. முன்கண்ணாடியின் அளவை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளி வட்டத்தின் அகலம் கிடைக்கும். 50-ஐ 24-ஆல் வகுத்தால் 2 மில்லிமீட்டர் சொச்சம். மங்கின நேரத்தில் நம் கண்ணின் பாப்பா 5, 6 மில்லிமீட்டர் வரை விரியும், அதற்கு 2 எந்த மூலைக்கு? நான் கேட்ட ஸ்கோப்பில் ஒன்பது மடங்கில் வைத்தாலே 4.4 கிடைக்கும். அதைச் சொன்னதும், "நீங்க ஆறுலயே வச்சுக்குங்கண்ணே, 24 சும்மா பகல்ல தூரம் பாக்க" என்றான். எல்லாவற்றுக்கும் ஒரு பதில். வாசலுக்கு அழைத்துப் போய் எதிர் வரிசை மின்கம்பத்தில் இருந்த எண்ணைப் பார்க்கச் சொன்னான். பளிச்சென்று தெரிந்தது, மறுக்கவில்லை. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்குமே, அந்த உதைப்பைத் தாங்குமா என்று கேட்டேன். குழாயில் ஒட்டியிருந்த வெள்ளி நிற ஸ்டிக்கரைத் தட்டிக் காட்டி, "மேக்னம் ரைபிளே தாங்கும், ஆயுசுக்கும் வாரண்டி. நம்ம ஆளுக்குத் தப்பான சாமான் கொடுத்துட்டு நான் நாளைக்குக் கோயில் திருவிழாவுல உங்க மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?" என்றான். 2,600 வெள்ளி சாமானாம், எனக்காக 1,850.

கார்டு மெஷின் ரிப்பேர் என்று சொல்லி ஒரு கணக்கு எண் கொடுத்தான், அதில் ஓர் ஆளின் பெயர். "முதலாளியோட தம்பி கணக்குண்ணே, எல்லாரும் இதுலதான் போடுவாங்க." கல்லாவில் இருந்த அம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரெசிட்டைக் கையால் எழுதிக் கடை முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள். அந்த முத்திரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுடும் களத்துக்குக் கொண்டுபோனேன். முதல் இரண்டு குண்டும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. அப்புறம் குறி இடப்பக்கம் ஓடியது. இந்த ஸ்கோப்பில் திருகை ஒரு 'கிளிக்' திருப்பினால் 100 கெஜத்தில் கால் அங்குலம் நகர வேண்டும், 50 கெஜத்தில் அதில் பாதி. 50 கெஜத்தில் ஓர் அங்குலம் நகர்த்த எட்டு கிளிக் திருப்பினேன். அசையவே இல்லை. அடுத்த குண்டு சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாண் தள்ளிப் போய் விழுந்தது. உள்ளே இருக்கிற ஸ்பிரிங் சிக்கிக்கொண்டு, உதைப்பில் திடீரென்று விடுபட்டால் இப்படித்தான் ஆகும் என்று களத்தில் இருந்த பெரியவர் சொன்னார். தோட்டா வாங்குவதற்கே பெர்மிட் வேண்டிய நாட்டில் நான் தோட்டாவை மண்மேட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன்.

அதோடு விடவில்லை. பெரிய ரைபிளுக்கு ஸ்கோப்பின் பின்கண்ணாடிக்கும் கண்ணுக்கும் நடுவே மூன்றரை அங்குலமாவது இடம் வேண்டும். பெட்டியில் நாலு அங்குலம் என்று அச்சடித்திருந்தது, உண்மையில் கண்ணை ஒட்ட வைத்தால்தான் படம் முழுசாகத் தெரிந்தது. உதைத்த வேகத்தில் புருவத்தில் வெட்டு, தையல் போட வேண்டியதாகிவிட்டது. மழை பெய்த காலையில் பார்த்தால் உள்ளே ஆவி. நைட்ரஜன் அடைத்தது, ஆவி பிடிக்காது என்றும் அதே பெட்டியில்தான் போட்டிருந்தது. வியர்வைக் கை பட்டுப் பட்டு அந்த வெள்ளி ஸ்டிக்கரின் ஓரம் சுருண்டது. உரித்துப் பார்த்தால் அடியில் வேறு ஒரு பெயர், கூடவே 'ஏர்கன்', அதாவது காற்றுத் துப்பாக்கி, என்று பொறித்திருந்தது. பெட்டியில் இருந்த சீரியல் எண்ணை, ஸ்டிக்கரில் பெயர் போட்டிருந்த பெரிய கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், அப்படி ஓர் எண்ணே கிடையாது.

இனிமேல்தான் கூத்து. போன் போட்டால், "மவுண்ட் சரியா டைட் பண்ணீங்களாண்ணே?" அடுத்து, "தோட்டா எந்தக் கம்பெனி?" அடுத்து, "சாமானைக் கொண்டாங்கண்ணே, கையோட மாத்தித் தரேன்." கொண்டுபோனால் தம்பி லீவு. கல்லா அம்மா, "துப்பாக்கிச் சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாதுங்க" என்றார். சத்தம் போட்ட பிறகு, கம்பெனிக்கு அனுப்பி சர்வீஸ் செய்து தருகிறோம் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். புலனத்தில் செய்தி அனுப்பினால் நீலக் குறி விழும், பதில் வராது. கடைசியில் 'சர்வீஸ் முடிஞ்சது' என்று திருப்பிக் கொடுத்தார்கள். பெட்டியைத் திறந்தால் பின்கண்ணாடியைச் சுற்றியிருக்கும் கறுப்பு ரப்பரில் என் புருவத்து ரத்தம் காய்ந்து, நான் விட்ட இடத்தில் அப்படியே இருக்கிறது. கம்பெனிக்குப் போகவும் இல்லை, ஒரு துணியால் துடைக்கக்கூட யாருக்கும் மனசு வரவில்லை. நேற்று முதலாளியையே பிடித்துக் கேட்டதற்குத்தான் அந்தப் பதில், காசு எங்கள் கணக்குக்கு வரவில்லை, அந்தப் பையனும் இப்போது இங்கே வேலையில் இல்லை என்று. அப்படியானால் ரெசிட்டில் இருக்கிற முத்திரை யாருடையது? 1,850 வெள்ளிக்கு என் கையில் இருப்பது ஒரு குழாயும் ஒரு தழும்பும்.

997-க்குக் கூப்பிடு என்று மச்சான் சொன்னார். அது இணைய மோசடியில் பணம் போன கையோடு கூப்பிட வேண்டிய எண், எனக்கு இனி உதவாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகிறேன். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 50,000 வெள்ளி வரை கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் தனி ஆள் மேல் போட முடியாது, வியாபாரி மேல்தான் போட முடியும். 'பணம் எங்களுக்கு வரவில்லை' என்று அவர்கள் ஏன் அடித்துப் பேசுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். கடை வாசலில் கம்பத்தைப் பார்த்து எந்த ஸ்கோப்பையும் எடை போடாதீர்கள், பகல் வெளிச்சத்தில் எல்லாக் கண்ணாடியும் பளிச்சென்றுதான் தெரியும். மடங்கைக் குறைத்து வாங்குங்கள், தோட்டத்துக்கு 24 வேண்டவே வேண்டாம். சீரியல் எண்ணைக் காசு கொடுப்பதற்கு முன்பே அங்கேயே நின்று போட்டுப் பாருங்கள். ஸ்டிக்கர் இருந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள், முறைத்தால் முறைக்கட்டும். ஆள் பெயரில் இருக்கும் கணக்கில் பணம் போடாதீர்கள், ரெசிட்டில் கம்பெனிப் பதிவு எண் இருக்க வேண்டும். உங்கள் துப்பாக்கியில் எதை மாட்டுவதாக இருந்தாலும் லைசென்ஸ் கொடுத்த போலீஸ் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இதே மாதிரி முத்திரை குத்திய கை ரெசிட்டும் ஆள் பெயர்க் கணக்கும் வேறு யாருக்காவது கிடைத்திருந்தால் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள், மனுவோடு சேர்க்க வேண்டும். கடைப் பெயரைக் கருத்துப் பகுதியில் போடாதீர்கள், போட்டால் நீக்கிவிடுவேன்.