மடக்குக் கத்தியின் கைப்பிடிக்கு எந்த மரம்? ஸ்நேக்வுட், பாக்ஸ் எல்டர், அயர்ன்வுட்

டைட்டானியக் கைப்பிடியில் பள்ளம் எடுத்து, அதில் மெல்லிய மரத்துண்டைப் பதித்த மடக்குக் கத்தி ஒன்று செய்யக் கொடுத்தேன். மரம் என் விருப்பம் என்றார் கைவினைஞர். எண்ணெய்ப்பசை மிகுந்த கொக்கோபோலோ என்ற மரத்தில் பசை ஒட்டுவது சிரமம் என்பதால் அதை முதலிலேயே விட்டுவிட்டோம். மிஞ்சியவை மூன்று: ஸ்நேக்வுட், பாக்ஸ் எல்டர் முண்டு (மரத்தில் புடைத்து வளரும் பகுதி), டெசர்ட் அயர்ன்வுட். நான் எடுத்தது அயர்ன்வுட்.

அழகில் முதலிடம் ஸ்நேக்வுட்டுக்குத்தான். சூரினாம், கயானா பக்கத்து மரம். செம்பழுப்பின் மேல் பாம்புத்தோல் போலக் கரும்புள்ளிகள். விலையும் பொதுவாக அதற்கே அதிகம். அடர்ந்து கனத்த மரம்தான், ஆனால் பதிப்பது மெல்லிய துண்டு என்பதால் எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

முடிவைத் தீர்மானித்தது ஈரம். மரம் நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. நார் ஓடும் ரேகைக்குக் குறுக்கே, காற்றின் ஈரத்துக்கேற்ப உப்பும், சுருங்கும். அதைச் சுற்றியிருக்கும் டைட்டானியம் ஈரத்துக்கு அசையவே அசையாது. சென்னை மாதிரி ஊரில் பகலெல்லாம் ஏசி அறை, வெளியே வந்தால் கடற்கரைப் புழுக்கம். தினமும் இப்படி இழுபடும்போது ஒன்று பசை விட்டு ஓரம் தூக்கும், இல்லை மரம் மயிரிழையாக வெடிக்கும். ஸ்நேக்வுட் உலரும்போதே வெடிப்பதற்குப் பேர்போனது. நண்பர் ஒருவரின் கத்தியில் பதித்த துண்டிலும் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கிறது. மரத்துக்குள் பிசினை (ரெசின்) ஊறவைத்து இறுக்கிக் காப்பாற்றலாமே என்றால், அவ்வளவு அடர்ந்த மரத்துக்குள் பிசின் இறங்காது.

பாக்ஸ் எல்டர் இதற்கு நேரெதிர். மேப்பிள் இனத்தைச் சேர்ந்த மென்மையான மரம். வெற்றிடத்தில் வைத்துப் பிசின் ஏற்றி, சூட்டில் இறுக்கிவிட்டால் ஈரத்தைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டாம். ஆனால் அதன் பெருமையே முண்டில் ஓடும் சிவப்புக் கீற்றுகள்தான். வெளிச்சம் பட்டால் அந்தச் சிவப்பு பழுப்பாக மங்கும். பிசின் அதைத் தடுக்காது. தொட்டால் மரத்தைவிட பிளாஸ்டிக் நினைவுதான் வருகிறது, எனக்கு.

அயர்ன்வுட் சொனோரா பாலைவனத்து மரம். அரிசோனாவிலும் வடமேற்கு மெக்சிகோவிலும் வளர்கிறது. தண்ணீரில் போட்டால் மூழ்கும். கத்திக்காரர்கள் பெரும்பாலும் எடுப்பது பட்டுப்போன மரம், பாலைவன வெயிலிலேயே ஆண்டுக்கணக்கில் காய்ந்தது. வைரம் பாய்ந்த பகுதியில் அடர்பழுப்பும் பொன்னிறக் கோடுகளும் கலந்திருக்கும். ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது, அதனால் பிசின் தேவையில்லை. கையில் பிடித்தால் மரம்தான் என்று விரலுக்குத் தெரிகிறது. எனக்கு அது பெரிய விஷயம். பராமரிப்பு என்று பார்த்தால், எப்போதாவது ஒரு துளி மினரல் ஆயிலோ மெழுகோ தடவித் துடைப்பதோடு சரி. நாளாக ஆக நிறம் கறுக்கும், அதையும் விரும்பியே எடுத்தேன்.

என் அனுபவம் நேர் ரேகைத் துண்டோடு மட்டும். அயர்ன்வுட்டிலும் முண்டுத் துண்டு எடுத்தால் ரேகை எல்லாப் பக்கமும் ஓடும்; அது இதே அளவுக்கு அடங்கி இருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பட்ட மரம் என்பதால் உள்ளே பழைய விரிசலும் ஒளிந்திருக்கலாம். வாங்கும்போது துண்டை ஆல்கஹாலால் (ஸ்பிரிட்) நனைத்துப் பாருங்கள். மேற்பரப்பு காயும்போது விரிசல் மட்டும் ஈரக்கோடாகத் தங்கி நிற்கும்.