ஐந்து வாக்கிய அச்சுகளோடு ஆறு ஆண்டுகள்

ஒரு மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்ற தேவைகளை எழுத ‘இயர்ஸ்’ (EARS) என்ற முறையை 2019 முதல் பயன்படுத்தி வருகிறேன். பகலில் மொரீஷியஸின் எபேன் சைபர் சிட்டியில் அலுவலக வேலைக்கு. பின்னாளில், மாலையில் காத்ர் போர்ன் ஊர்ப் பக்கம் உள்ள ஒரு முருகன் கோயிலின் காவடிப் பதிவுச் செயலிக்கு. இந்த முறையின் அருமை எனக்குக் கோயில் வேலையில்தான் புரிந்தது. ஆகவே அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் அலிஸ்டர் மேவினும் அவருடைய சகாக்களும், விமான எஞ்சின் கட்டுப்பாடு தொடர்பான விதிகளை ஆராய்ந்தபோது உருவாக்கி 2009இல் வெளியிட்ட முறை இது. தனி மென்பொருள் வேண்டாம். படம் வரையத் தெரிய வேண்டாம். ஒவ்வொரு தேவையையும் ஐந்து அச்சுகளில் ஒன்றில் வார்க்க வேண்டும். எப்போதும் பொருந்துவது ஒன்று. ஒரு நிகழ்வு நடந்ததும் செய்ய வேண்டியது ஒன்று. ஒரு நிலை நீடிக்கும்வரை செய்ய வேண்டியது ஒன்று. ஒரு வசதி சேர்க்கப்பட்டிருக்கும் இடத்தில் மட்டும் பொருந்துவது ஒன்று. கடைசியாக, வேண்டாதது நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியது. தேவையானால் இவற்றைக் கோத்தும் எழுதலாம். அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டுவிடலாம்.

கோயில் வேலை சிறியதுதானே என்று 2023இல் இந்த முறையை நான் அங்கே கொண்டுபோகவில்லை. ‘பக்தராக எனக்கு வரிசை எண் வேண்டும், காலையில் காத்திருக்காமல் இருப்பதற்காக’ என்பதுபோல் பயனர் கதைகளாக நோட்டில் எழுதிக்கொண்டு செயலியைக் கட்டினோம். தைப்பூசத்தன்று ஆற்றங்கரையில் காவடி கட்டும் இடத்தில் 46ஆம் எண்ணைக் கூப்பிட்டோம். ஒருவரும் வரவில்லை. மீண்டும் கூப்பிட்டோம். 45இல் நின்ற பையனின் தாயார் தயங்கித் தயங்கி முன்னால் வந்து கைப்பேசியைக் காட்டினார். அதில் இரண்டு ரசீதுகள். பதிந்தபோது இணையம் அறுந்திருக்கிறது. எண் வரவில்லையே என்று மறுபடி அழுத்தியிருக்கிறார். அதுபோல் அன்று பல எண்கள். பத்து நாள் விரதமிருந்து வந்தவர்களை வெயிலில் நிற்க வைத்துவிட்டோம். அந்த அம்மாளின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அடுத்த ஆண்டுக்கான தேவைகளை ‘இயர்ஸ்’ முறையில் திரும்ப எழுதினேன். முதல் வரி எளிது: ‘பக்தர் விவரங்களை அனுப்பியதும், செயலி ஒரு வரிசை எண் தர வேண்டும்.’ ஐந்தாம் அச்சு காலியாகக் கிடந்ததால் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை: இதில் என்ன கெட்டுப்போகலாம்? ‘அனுப்பும்போது இணைப்பு அறுந்துவிட்டால், மறுமுறை அனுப்பும்போது செயலி முன்பு ஒதுக்கிய அதே எண்ணையே தர வேண்டும்.’ ஒரே வாக்கியம். முந்தைய ஆண்டின் கதைகளில் இதற்கு இடமே இருக்கவில்லை.

கோயில் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவோடு உட்கார்ந்துதான் இவற்றை எழுதினோம். தைப்பூசம் புயல் பருவத்தில் வருவதால், ‘மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை நீடிக்கும்வரை பதிவின் கடைசி நேரம் தள்ளிப்போக வேண்டும்’ என்று நான் எழுதியிருந்தேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. “எச்சரிக்கை எண்ணைப் பார்க்காதீர்கள் தம்பி. எச்சரிக்கையை எடுத்த பிறகும் இங்கே தண்ணீர் நிற்கும், கரண்ட் இருக்காது. ஆபீஸ் கதவு மூடியிருக்கிறதா என்று பாருங்கள்” என்றார். ‘அலுவலகம் மூடியிருக்கும்வரை’ என்று மாற்றினேன். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்து தலைநகர் போர்ட் லூயிஸ் வெள்ளத்தில் மூழ்கியது. தைப்பூசத்துக்குப் பத்தே நாள் இருந்தது. அலுவலகம் மூடிக் கிடந்த நேரமெல்லாம் கடைசி நேரம் தானாகத் தள்ளிப்போயிற்று. யாரும் விடுபடவில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு சொல். இந்த முறை நம் வாக்கிய அமைப்புக்கு வாகாக ஒட்டுகிறது: நிபந்தனை முதலில், செயல் கடைசியில். ஆனால் ‘வந்தால்’ என்ற ஒரே சொல், இயல்பாக வருவதையும் வரக் கூடாதது வந்துவிடுவதையும் சேர்த்தே சொல்லிவிடும். இந்த முறையின் உயிரே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. நல்லவேளையாக அக்கா இங்கே பேசும் கிரியோல் மொழியில் யோசிப்பவர்; அவர் ‘கான்’ (எப்போது) என்கிறாரா ‘சி’ (ஒருவேளை) என்கிறாரா என்று கவனித்தாலே எது இயல்பான நிகழ்வு, எது வேண்டாதது என்று தெரிந்துவிடும். இப்போது நிகழ்வுக்கு ‘வந்ததும்’, வேண்டாததற்கு ‘வந்துவிட்டால்’ என்று வரையறுத்துக்கொண்டோம். ‘வேண்டும்’ என்பதிலும் கவனம் தேவை: விருப்பத்துக்கும் அதுதான், கட்டாயத்துக்கும் அதுதான். கட்டாயத்துக்கு மட்டுமே அதை வைத்துக்கொண்டு, விருப்பத்துக்கு ‘இருந்தால் நல்லது’ என்று எழுதுகிறோம்.

சோதனைக்குக் குக்கும்பர் கருவியைப் பயன்படுத்துகிறோம். சோதனைகளை வாக்கியங்களாக எழுதுவதற்கான அதன் கெர்கின் மொழியில் Given, When, Then என்ற சொற்களுக்குத் தமிழ்ச் சொற்களும் உண்டு: ‘கொடுக்கப்பட்ட’, ‘எப்போது’, ‘அப்பொழுது’. ‘எப்போது பக்தர் பெயரைப் பதிகிறார்’ என்று படித்தால் தமிழ்க் காதுக்கு அது கேள்வி! ஆர்வத்தோடு தொடங்கி இரண்டு மாதத்தில் ஆங்கிலத்துக்கே திரும்பிவிட்டோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

குறைகளையும் சொல்ல வேண்டும். ‘பக்கம் விரைவாகத் திறக்க வேண்டும்’ என்பது அச்சில் அழகாகப் பொருந்தும். எத்தனை வினாடி என்று இந்த முறை கேட்காது. ஒரு தேவை எதற்காக என்பதையும் கேட்காது; அங்கே பயனர் கதையே மேல். அதனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே காரணத்தை ஒரு வரியில் எழுதிவைக்கிறோம். கணக்கீடுகளுக்கு அட்டவணைதான் வேண்டும். வாக்கியங்கள் நூறைத் தாண்டினால் தனித்தனியே தெளிவாக இருப்பவை ஒன்றோடொன்று மோதும். அலுவலகத்தில் அப்படி ஒரு மோதலைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. திரை வடிவமைப்புக்கு இதனிடம் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம்.

போன வாரம் அக்கா தானே ஒரு வாக்கியத்தை எழுதி அனுப்பியிருந்தார்: ‘பதிந்தவர் விரதத்தின் நடுவில் நோயில் விழுந்துவிட்டால், அவருடைய எண் அந்த வீட்டில் இன்னொருவருக்குப் போக வேண்டும்.’ அச்சு சரியாக இருக்கிறது. விரதமிருக்காத ஒருவர் அந்தக் காவடியை எடுக்கலாமா என்பதை நானோ அக்காவோ முடிவு செய்ய முடியாது. குருக்கள் ஐயாவை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் உட்காரப் போகிறோம்.