நகை கழுவும் தொட்டிக்கு எந்த டிரைவர் போர்டு?

வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு நகைப் பட்டறை. கல் நகைகளின் இடுக்கில் ஒட்டிய பாலிஷ் அழுக்கை எடுக்க 40 கிலோஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக் தொட்டி (காதுக்குக் கேட்காத அதிர்வால் தண்ணீரில் கழுவுவது) வைத்திருக்கிறார்கள். காலையில் நன்றாக ஓடும். மதியமானால் அழுக்கு அப்படியே நிற்கும். தொட்டியை அதிர வைக்கும் மின்சுற்றான டிரைவர் போர்டை மாற்றித் தரச் சொன்னார்கள்.

மலிவான தொட்டிகளில் வருவது தானாகவே மின் அலையை உண்டாக்கும் சர்க்யூட். இரண்டு டிரான்சிஸ்டர், சின்ன ஃபெரைட் வளையம், ஒரு காயில், அவ்வளவுதான். மின்சாரத்தை அதிர்வாக மாற்றும் பீங்கான் பாகமான டிரான்ஸ்டியூசரும் அந்தச் சுற்றுக்குள்ளேயே இருப்பதால் அதிர்வெண் ஓரளவு அதனோடு நகரும். பழுது பார்ப்பதும் சுலபம். ஆனால் பவரைக் கூட்டிக் குறைக்க நல்ல வழி கிடையாது.

பட்டறையில் இருந்தது அடுத்த வகை: அலையை உண்டாக்கும் எஸ்ஜி3525 ஐசி, மாஸ்ஃபெட்டை இயக்கும் ஐஆர்2110 ஐசி, சுவிட்சாக வேலை செய்யும் இரண்டு மாஸ்ஃபெட். அதிர்வெண்ணை ஒருமுறை திருகி வைத்தால் அங்கேயே நிற்கும். வேலூர் வெயிலில் தண்ணீரும் பீங்கானும் சூடேறி, தண்ணீர் மட்டமும் இறங்கினால் ஒத்ததிர்வு (டிரான்ஸ்டியூசர் நன்றாக அதிரும் அதிர்வெண்) நகர்ந்துவிடும், போர்டின் அதிர்வெண் நகராது. மதியக் கோளாறுக்குக் காரணம் இதுதான். தினமும் திருக ஆள் இல்லாத இடத்தில் இதைப் போடவே கூடாது என்பேன்.

மூன்றாவது, 4046 ஐசி வைத்த பிஎல்எல், அதாவது அதிர்வெண்ணைத் தானே திருத்திக்கொள்ளும் சுற்று. மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே கட்டத்தில் (ஃபேஸ்) இருக்கும், அதாவது இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கும் புள்ளியை அது விடாமல் துரத்தும். நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

ஆனால் எந்த ஐசியை விடவும் காயில்தான் முக்கியம். 60 வாட் டிரான்ஸ்டியூசர் ஒன்றில் சுமார் 4 நானோஃபாரட் கொள்ளளவு சும்மா உட்கார்ந்திருக்கும். 325 வோல்ட் சதுர அலையை அதில் நேராகக் கொடுத்தால், 40 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 17 வாட் மாஸ்ஃபெட்டிலேயே சூடாகிப் போகும். தொடராக ஒரு காயில் போட்டால், கொள்ளளவுக்குள் திடீரெனப் பாயும் அந்த மின்னோட்டக் குத்து அடங்கும். அப்புறம் இணையாக 4 மில்லிஹென்றி காயில் இருந்தால் கொள்ளளவின் மின்னோட்டம் சமனாகும். இல்லாவிட்டால் கட்டம் கலங்கி பிஎல்எல் பிடிக்கவே பிடிக்காது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் கோரில் இடைவெளி விட்டு, டிரான்ஸ்டியூசர் பக்கச் சுருளான செகண்டரியையே 4 மில்லிஹென்றிக்குச் சுற்றினேன். ஈரக் கையோடு தொடும் தொட்டிக்கு மெயின்ஸிலிருந்து பிரிப்பும் அதிலேயே கிடைத்தது. கட்டம் பார்க்க மின்னழுத்தத்தைத் தொடர் காயிலுக்கு அப்புறம் எடுக்க வேண்டும். முன்னால் எடுத்து ஒரு நாள் வீணாயிற்று.

தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது என்று மட்டும் மூடியில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.