ரெசினா, சன்னபட்டணாவா: கடைக்குச் சரக்கு எடுப்பவரின் கணக்கு

பரிசுப்பொருள் கண்காட்சிகளில் இப்போது கூட்டம் மொய்ப்பது ரெசின் ஸ்டால்களில்தான். அச்சில் ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் எபாக்ஸி என்ற பிளாஸ்டிக் திரவம் அது. கல்யாண மாலைப் பூவைக் காயவைத்து உள்ளே அடைத்த ஃபோட்டோ ஃப்ரேம், கடலலை மாதிரி நீலம் ஊற்றிய சுவர்க்கடிகாரம், பெயர் பொறித்த சாவிக்கொத்து. அதே கூடத்தில் கர்நாடகத்தின் சன்னபட்டணா ஊர் மரச்சாமான்களும் தஞ்சாவூர்த் தலையாட்டிகளும் இருக்கும். அங்கே நின்று பார்ப்பவர்கள் குறைவு. நான் பணத்தைப் பெரும்பாலும் போட்டது சன்னபட்டணாவில்.

அழகு அவரவர் கண்ணுக்கு. விலையும் பேரம் பேசினால் ஏறக்குறைய ஒன்றுதான். நான் பார்ப்பது, விற்காமல் நின்றால் பொருள் என்ன ஆகும் என்பதை மட்டும்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, ரிட்டர்ன் கிஃப்ட் கேட்டு யாரும் வரமாட்டார்கள். சரக்கு ஷோகேஸிலேயே கிடக்கும். எபாக்ஸி ரெசின் வெயில் பட்டால் மஞ்சளிக்கும். வெள்ளையும் கண்ணாடி போன்ற தெளிவும்தான் அதன் கவர்ச்சி. முதலில் கெடுவதும் அதுவே. அப்புறம் தள்ளுபடியில்கூடப் போகாது. கீறல் விழுந்தாலும் கடையில் வைத்துச் சரிசெய்வது சுலபமில்லை.

சன்னபட்டணா சாமான் அப்படியில்லை. வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுற்றவிட்டு, வண்ண அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். கடைசியில் காய்ந்த தாழை ஓலையால் தேய்த்துப் பளபளப்பு வரவழைப்பார்கள். மாதக்கணக்கில் தூசி படிந்து மங்கிப்போன கிலுகிலுப்பையைக்கூட, துணியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் மறுபடி விலைக்கு வைக்கலாம். அதற்கு ஆகாதது ஈரமும் ஸ்பிரிட்டும். சானிடைசர் கையோடு எடுத்துப் பார்த்தால் மேல்பூச்சு பிசுபிசுக்கும்.

வாங்கும்போது அந்தக் குறையையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். ஸ்டால்காரரிடம் கேட்டுவிட்டு, பஞ்சில் சானிடைசர் நனைத்து அடிப்பாகத்தில் தேயுங்கள். சாயம் பஞ்சில் ஏறினால் பெரும்பாலும் அரக்கு. அசையாமல் இருந்தால் அநேகமாக எனாமல் பெயின்ட். அதற்கு அரக்கு விலை கொடுக்க வேண்டாம்.

ரெசினை அடியோடு ஒதுக்கவும் முடியாது. பெயர் போட்டு, முன்பணம் வாங்கிச் செய்து கொடுக்கும் ஆர்டருக்கு அதை மிஞ்ச ஆளில்லை. சரக்கு தேங்குகிற பேச்சே இல்லை. மஞ்சளிக்காத ரகம் என்று சொல்லி விற்கும் புது ரெசினும் வந்திருக்கிறது. என் கடையில் அது இன்னும் ஒரு கோடையைப் பார்க்கவில்லை, அதனால் நல்லது கெட்டது சொல்லமாட்டேன்.

தஞ்சாவூர் பொம்மையில் அடிகனத்த தலையாட்டி ஓரளவு அடி தாங்கும். தலை, உடல், பாவாடை என்று தனித்தனியாகக் கம்பியில் ஆடும் காகிதக்கூழ் நாட்டியப் பெண், லாரியில் வரும்போதே விரல் உடைந்து வருகிறாள். அதைக் கொலு நேரத்தில் கேட்பவர்களுக்கு மட்டும் அளவாக எடுக்கிறேன்.