ஸ்டார்ஃபீல்ட்: டீசல் கேட்காத வண்டி

அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் தேங்காய் லோடு ஏற்றி, எல்லையில் வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர், அங்கிருந்து எங்கே சொன்னாலும் போவார். அதனாலோ என்னவோ, ஸ்டார்ஃபீல்ட் என்ற விண்வெளி வீடியோ கேமில் ஆளை உருவாக்கும்போது ‘முன்னால் என்ன வேலை பார்த்தாய்’ என்று கேட்டதும் சமையல்காரன், விஞ்ஞானி எல்லாரையும் தள்ளிவிட்டு ‘லாங் ஹாலர்’ எடுத்தேன். நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் சரக்கு ஓட்டுகிறவன். கூடவே ‘கிட் ஸ்டஃப்’ என்ற குணத்தையும் சேர்த்துக்கொண்டேன். அதை எடுத்தால் அம்மா அப்பா உயிரோடு இருப்பார்கள். உங்கள் காசில் ஒரு பங்கு தானாக அவர்களுக்குப் போய்விடும். நிஜத்தில் இன்னும் நான் அந்த நிலைமைக்கு வரவில்லை.

பெதஸ்டா நிறுவனம் இதை 2023 செப்டம்பரில் வெளியிட்டது. நான் விளையாடியது எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் என்ற கேம் பெட்டியில், சந்தா கட்டினால் கேம்களை விளையாடத் தரும் கேம் பாஸில். நூறு ஜிபிக்கு மேல் இறங்க வேண்டும். எங்கள் கேபிள் நெட்டுக்கு இரண்டு ராத்திரி பிடித்தது. கதை நடப்பது 2330இல். வெக்டெரா என்ற துணைக்கோளில் சுரங்கத் தொழிலாளியாக ஆரம்பிக்கிறீர்கள். ஒரு விசித்திர உலோகத் துண்டைத் தொட்டதும் தலைக்குள் ஏதோ காட்சி ஓடுகிறது. அதைத் தேடி வந்த ஆள் தன் கப்பலையே உங்களிடம் கொடுத்து அனுப்பிவிடுகிறார். புது ஆளை நம்பி வண்டிச் சாவியைக் கொடுக்கும் முதலாளியை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. சரி, கதைதானே.

ஆயிரத்துக்கு மேல் கிரகங்கள் என்றார்கள். இருக்கின்றன. ஆனால் நான் விளையாடியபோது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நாமே ஓட்டிக்கொண்டு போக முடியவில்லை. வரைபடத்தில் இடத்தைத் தொட வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும், ஒரு வெளிச்சம், ஒரு லோடிங் திரை, ஊர் வந்துவிடும். பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: “ஏண்டா, வழியில டீ குடிக்க மாட்டானா?”

அவருடைய அடுத்த கேள்வி டீசல். ஒரே தாவலில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எரிபொருள் கணக்கு இருக்கிறது. தாவி முடித்ததும் டேங்க் தானாக நிறைந்துவிடும். காசு கிடையாது, நடு வானத்தில் நின்றுபோகும் பயமும் கிடையாது. இதைச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் சிரித்தார். எனக்குத்தான் ஏமாற்றம். விண்வெளிப் பயணம் என்று விற்கிறார்கள், பயணத்தை மட்டும் எடுத்து வைத்துவிட்டார்கள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது ஒரே இடத்தில்தான். பெரிய ஊர் இருக்கும் கிரகத்தை நெருங்கியதும் காவல் கப்பல் நம் சரக்கை ஸ்கேன் செய்யும். கடத்தல் பொருள் இருந்து மாட்டினால் அபராதம் அல்லது ஜெயில், சரக்கும் போய்விடும். தப்பிக்க, கதிர் புகாத சரக்கு அறையும் ஸ்கேனைக் குழப்பும் கருவியும் வாங்கி மாட்டலாம். அப்போதும் எத்தனை சதவீதம் வாய்ப்பு என்றுதான் திரையில் காட்டும். அந்தச் சில விநாடிகள் அப்பாவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. 2017இல் ஜிஎஸ்டி வந்து வரி செக்போஸ்ட்டுகளை எடுக்கும்வரை, பேப்பர் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற மனிதர் அவர். “வுல்ஃப் பக்கம் போனா ஸ்கேன் இல்லப்பா” என்றேன். வுல்ஃப் நட்சத்திர மண்டலத்தில் ‘தி டென்’ என்றொரு நிலையம், அங்கே எதையும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வார்கள். “எல்லா எல்லையிலயும் அப்படி ஒரு குறுக்கு வழி இருக்கும்” என்றார்.

சுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ட கண்ட துப்பாக்கியையும் உலோகத்தையும் பொறுக்கிச் சேர்த்தால் எடை கூடி, ஓடும்போது மூச்சு வாங்கும், ஆக்ஸிஜன் இறங்கும். நம்மூரில் போல நோக்குகூலி, அதாவது சுமை தூக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கூலி, கேட்க யாரும் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். விற்கப் போனால் கடைக்காரர் கையில் காசு தீர்ந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நாள் பொழுதை ஓட்டினால் மறுபடி காசு வரும். இதற்கென்றே வெள்ளிக் கிரகத்துக்குப் போய்த் தூங்குகிறவர்கள் உண்டு. அங்கே ஒரு மணி நேரம் என்பது பொதுக் கணக்கில் நூறு மணி நேரம்.

கிரகங்களில் இறங்கி நடப்பது முதல் பத்து மணி நேரம் பிரமிப்பு. நிலவில் குதித்தால் மெதுவாகக் கீழே வருவது அவ்வளவு அழகு. அப்புறம் அதே மாதிரி கைவிடப்பட்ட ஆய்வுக்கூடம், அதே மேஜை, அதே இடத்தில் அதே பெட்டி. பூமிக்கும் போனேன். காந்தப்புலம் போய், காற்று மண்டலமும் போய், மொத்தமும் மணல். பாலக்காட்டுக் கணவாய் இருக்க வேண்டிய பக்கமாகக் குத்துமதிப்பாக இறங்கிப் பார்த்தேன். மலையும் இல்லை, காற்றும் இல்லை. 2024 ஆகஸ்டில் ‘ரெவ்-8’ என்ற வண்டியை இலவசமாகக் கொடுத்தார்கள். அது வந்த பிறகு அலைச்சல் குறைந்தது. அதை வெளியான நாளிலேயே கொடுத்திருக்க வேண்டும்.

என் நேரத்தில் பாதி கப்பல் கட்டும் திரையில்தான் போயிருக்கிறது. எஞ்சின், தரையிறங்கும் கால், சரக்கு அறை எல்லாம் தனித்தனியாகக் கழற்றி மாட்டலாம். பட்டறையில் பாடி கட்டுவது போலவே நின்று நிதானமாகச் செய்யலாம். சந்தா இருந்தால் இதற்காகவே இறக்குங்கள். முழு விலை கொடுத்து வாங்க நான் சொல்ல மாட்டேன். இப்போது என் கப்பலுக்குப் பின்னால் ஆறு சரக்கு அறை. அப்பாவின் பழைய லாரி நெற்றியில் இருந்த ‘முருகன் துணை’யை ஆங்கில எழுத்தில் அடித்துப் பெயர் வைத்தேன். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பின்னாடி வெயிட் ஜாஸ்தி, ஏத்தத்துல முன்பக்கம் தூக்கும்” என்றார்.