டிரான்சம் வேலைக்கு வெஸ்ட் சிஸ்டம் 105: நம்மூர்ச் சூட்டுக்கு 206 வேண்டாம், 209 வாங்குங்கள்

சிங்கப்பூரில் சாங்கியிலோ செம்பவாங்கிலோ கரையேற்றி வைத்த பழைய பைபர் படகுக்கு டிரான்சம் (எஞ்சின் மாட்டும் பின்சுவர், இரண்டு பைபர் தோல்களுக்கு நடுவே மரம்) மாற்றப் போகிறவர், வெஸ்ட் சிஸ்டம் நிறுவனத்தின் 105 எபாக்சி ரெசினோடு, அதை இறுகவைக்கும் 206 ஹார்டனரை எடுப்பது இயல்பு. டப்பாவில் ‘ஸ்லோ’ என்றுதானே போட்டிருக்கிறது? ஆனால் அது 22 டிகிரிக்கான கணக்கு. அந்தச் சூட்டில் 206 கலவை கோப்பைக்குள் இறுகாமல் 20 முதல் 25 நிமிடம் தாங்கும், 209 ஹார்டனரோ 40 முதல் 50 நிமிடம். சூடு 10 டிகிரி ஏறினால் நேரம் ஏறத்தாழ பாதியாகும். நம் மதிய நிழல் 32 டிகிரி. ஒன்றரை மீட்டர் பலகை முழுக்கப் பசை தடவி, பொருத்தி, கிளாம்ப் இறுக்க 10 நிமிடம் எப்படிப் போதும்? 209 இருந்தால் பதற்றமில்லாமல் முடிக்கலாம்.

வாங்கும் முன் டிரான்சம் உண்மையில் இற்றுவிட்டதா என்று பாருங்கள். அவுட்போர்டு எஞ்சினின் கீழ்க்காலில் எடை கொடுத்து அழுத்தும்போது டிரான்சமின் மேல் விளிம்பு அசைந்தால் சந்தேகம் வலுக்கிறது. மரச்சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் ‘டக்’கென்று கேட்கும், இற்ற இடம் மந்தமாகக் கேட்கும். உறுதிப்படுத்த, உள்பக்கத்திலிருந்து 4 மி.மீ. டிரில்லால் துளையிடுங்கள். வெளித்தோலைத் துளைக்காதபடி டிரில்லில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிறிய உலர்ந்த சுருள் வந்தால் நல்ல மரம். கறுத்து, ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் போய்விட்டது. அடித்தளத்துக்குப் பக்கத்திலும், தண்ணீர் வடியும் அடைப்புத் துளையைச் சுற்றியும், எஞ்சின் போல்ட்டுக்குக் கீழும் கட்டாயம் பாருங்கள். மரத்தை அரிக்கும் பூஞ்சைக்குக் கடல்நீரைவிட மழைநீர்தான் பிடிக்கும். ஆண்டுக்கு 2,100 மி.மீ. மழை பெய்யும் ஊரில் மூடாமல் நிறுத்திய படகுக்கு அதுவே எமன்.

இற்ற மரத்தில் வரிசையாகத் துளைபோட்டு எபாக்சி ஊற்றிச் சரிசெய்ய நினைக்காதீர்கள். ஈர மரம் அதை உறிஞ்சாது, போன வலுவும் திரும்பாது. உள்தோலை வெட்டி, மரத்தை முழுவதும் சுரண்டி எடுத்து, வெளித்தோலின் உட்புறத்தை 40 கிரிட் உப்புத்தாளால் தேயுங்கள். வெளி ஜெல்கோட்டை (படகின் பளபளப்பான மேற்பூச்சை) தொடாமலே வேலை முடியும் என்பது இந்த வழியின் பெரிய லாபம். நீளவாட்டுத் தாங்குகட்டைகளின் முனைகளையும் அப்போதே குத்திப் பாருங்கள், அவையும் சேர்ந்தே இற்றிருக்கும். புது மரத்துக்கு பிஎஸ் 1088 தர மரைன் ப்ளைவுட், 18 மி.மீ. பலகை இரண்டு.

இனி கலவை. 206 ஹார்டனருக்கு அளவு 5:1, 209 ஹார்டனருக்கு 3:1. இந்த நிறுவனத்தின் பம்ப் செட் இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் ஹார்டனர் பம்ப் வேறு வேறு, மாற்றிப் போட்டுவிடக் கூடாது. ரெசினுக்கு ஓர் அழுத்து, ஹார்டனருக்கு ஓர் அழுத்து, அவ்வளவுதான். 3:1 என்பதால் ரெசினை மூன்று முறை அழுத்துபவர்களின் கலவை ஒரு மாதமானாலும் பிசுபிசுக்கும். பாலியெஸ்டர் ரெசின் பழக்கத்தில் ‘சீக்கிரம் காயட்டும்’ என்று ஹார்டனரைக் கூட்டினாலும் இதே கதிதான். கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றிவிடுங்கள். கோப்பையில் அரை லிட்டர் தேங்கி நின்றால் தன் சூட்டிலேயே புகையும்.

முதலில் மரத்தின் இரு பக்கமும், விளிம்புகளிலும் வெறும் எபாக்சியைத் தடவி ஊறவிடுங்கள். பிறகு பசையைக் கெட்டியாக்கும் 406 பொடி கலந்து, ரொட்டியில் பூசும் காயா ஜாம் பதத்துக்குக் கெட்டியாக்கி, பல்வைத்த கரண்டியால் பரப்புங்கள். கிளாம்பை அளவாக இறுக்குங்கள். பசை முழுவதும் பிதுங்கி வெளியேறினால் ஒட்டுவதற்கு ஏதுமிராது.

காலை வெயில் ஏறும்போது மரத்தில் பூச வேண்டாம். சூடாகும் மரத்திலிருந்து காற்று விரிந்து, பூச்செல்லாம் ஊசித்துளை விழும். மாலை, மரம் குளிரும்போது பூசினால் எபாக்சி உள்ளே இழுக்கப்படும். உள்தோலுக்கு 600 கிராம் தைத்த பையாக்சியல் (இரு திசை இழை) கண்ணாடித் துணி மூன்று அடுக்கு. சாதாரண நறுக்கு மேட் (துண்டு இழைகளை ஒட்டிய பாய்) வாங்காதீர்கள், அதன் பிணைப்பைக் கரைக்கும் ஸ்டைரீன் பாலியெஸ்டரில் உண்டு, எபாக்சியில் இல்லை.

209 ஹார்டனரின் குறையையும் சொல்ல வேண்டும். நம் ஈரக்காற்றில் காய்ந்த பூச்சின்மேல் மெழுகு போன்ற படலம் படியும். அடுத்த அடுக்கை முந்தையது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே போட்டால் கவலையில்லை. காய்ந்துவிட்டால் வெறும் தண்ணீரும் தேய்ப்புப் பஞ்சும் கொண்டு கழுவி, அதன்பிறகே தாளால் தேய்க்க வேண்டும். முதலில் தேய்த்தால் மெழுகைப் பரப்பியதாகிவிடும். முழு வலு ஏற 4 முதல் 9 நாள் ஆகும், அதுவரை எஞ்சினை ஏற்றாதீர்கள். 1.5 × 0.6 மீட்டர் டிரான்சமுக்குச் சுமார் 6 லிட்டர் கலவை பிடிக்கும். விலை பாலியெஸ்டரைவிட நன்றாகவே கூடுதல். ஆனாலும் மரத்தோடு ஒட்டும் இடத்தில் எபாக்சிக்குப் பாலியெஸ்டர் ஈடாகாது.

எஞ்சின் போல்ட்டுக்கு நேராக 13 மி.மீ. துளை போட்டு முடித்துவிடாதீர்கள். முதலில் 20 மி.மீ. துளை போட்டு, பின்னால் டேப் ஒட்டி, 404 பொடி (வலுவான நிரப்பு) கலந்த எபாக்சியை இரண்டு தவணையாக நிரப்பி, இறுகியபின் நடுவில் 13 மி.மீ. துளையிடுங்கள். போல்ட் வழியே கசிந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. போல்ட்டைச் சுற்றி 3எம் நிறுவனத்தின் 4200 சீலன்ட் (கசிவு அடைக்கும் பசை) போதும், அதைவிட வலுவாக ஒட்டும் 5200 போட்டால் பிற்பாடு எஞ்சினைக் கழற்றப் பெரும்பாடு.