கோலப் பதிவுக்கு இரண்டு காலம் (column): வேர்ட்பிரஸின் காலம்ஸ் பிளாக்

மார்கழி முழுக்க, வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் நடத்தும் என் தளத்தில் தினம் ஒரு கோலம் போடுகிறேன். இடது பக்கம் படம், வலது பக்கம் செய்முறை. ‘ஊடுபுள்ளி, 15 தொடங்கி 8 வரை’ என்று படிக்கிற கண் உடனே படத்துக்குப் போக வேண்டும். படம் மேலே எங்கோ இருந்தால் கோலம் பிடிபடாது.

எனக்கு கோடிங் தெரியாது. முன்பு இதற்காக ஒரு பிளகின் (கூடுதல் வசதிக்காகத் தளத்தில் சேர்க்கும் நிரல்) வைத்திருந்தேன். அதை நிறுத்திய அன்று பழைய பதிவுகளில் எல்லாம் சதுர அடைப்புக்குறிகளும் ஏதேதோ குறியீடுகளும் வந்து நின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தினேன். பதிவு எழுதும் எடிட்டரில், இடத்தை நெடுக்காகப் பிரித்துப் படத்தையும் எழுத்தையும் அருகருகே வைக்க உதவுவதுதான் காலம்ஸ் பிளாக்; பிரித்த ஒவ்வொரு பகுதியும் ஒரு காலம். அதில் அந்தப் பயம் இல்லை. 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 வந்ததிலிருந்து எடிட்டரோடு சேர்ந்தே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

புது வரியில் சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் காலம்ஸ் என்று அடித்தால் பிளாக் வந்துவிடும். பாதிக்குப் பாதியா, மூன்று சமமா என்று கேட்கும். நான் அகலத்தைக் கையால் 40, 60 சதவீதம் என்று மாற்றிக்கொள்கிறேன். உள்ளே இருக்கும் படத்தை விட்டுக் காலத்தை மட்டும் தேர்ந்தெடுப்பதுதான் கொஞ்சம் சிரமம். பதிவில் உள்ள பிளாக்குகளை வரிசையாகக் காட்டும் லிஸ்ட் வியூவைத் திறந்து வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

முக்கியமான விஷயம் செல்போன். சிறு திரையில் காலங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும்; இடது காலம் முழுவதும் முடிந்த பிறகுதான் வலது காலம் வரும். முதல் பதிவில் நான் 6 படங்களையும் ஒரே காலத்தில் வைத்துவிட்டேன். விடியற்காலையில் வாசலில் மாவோடு உட்கார்ந்த என் நாத்தனார், “அண்ணி, படமா வந்துகிட்டே இருக்கு, எழுத்தைக் காணோமே” என்று போன் செய்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு படிக்கும் தனித்தனி காலம்ஸ் பிளாக். ஒன்றைச் செய்து கன்ட்ரோல், ஷிப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நகல் வந்துவிடும், படத்தையும் எழுத்தையும் மட்டும் மாற்றினால் போதும். இப்போது போனிலும் படம், விளக்கம், படம், விளக்கம் என்றே வருகிறது.

மூன்று காலத்தில் தமிழ் எழுதாதீர்கள். ‘இடைப்புள்ளிகளை’ மாதிரி ஒரு சொல்லே வரியை அடைத்துக்கொள்ளும். மூன்று படங்களை வரிசையாகக் காட்ட நன்றாக இருக்கும்.

ஒரே படம், பக்கத்தில் நாலு வரி போதும் என்றால் மீடியா அண்ட் டெக்ஸ்ட் பிளாக் இன்னும் சுலபம். 7-1 நேர்புள்ளிச் சிறு கோலங்களுக்கு நான் அதைத்தான் எடுக்கிறேன்.